ரியாக்டோஜெனிசிட்டி: எதிர்வினைத் தூண்டுதிறன்

தடுப்பூசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் பக்க விளைவு என்கிறோம். ஆய்வாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் சொல் ரியாக்டோஜெனிசிட்டி. போட்ட சில நாட்களுக்குள், எதிர்பார்க்கக்கூடிய எதிர்வினைகளை ஒரு தடுப்பூசி எந்த அளவுக்கு உண்டாக்குகிறது என்பது இதன் பொருள். தொடை சிவந்து வீங்குவது, காய்ச்சல், விடாத அழுகை, பால் குடிக்க மறுப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆய்வில் சேர்ந்த பெற்றோர் தினமும் காய்ச்சலைப் பார்த்து, வீக்கத்தின் அகலத்தை அளந்து அட்டையில் குறிப்பார்கள்.

'ரியாக்ட்' லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'ஜென்' கிரேக்கம், பிறப்பிப்பது என்று பொருள். தமிழில் 'எதிர்வினைத் தூண்டுதிறன்' என்பதே பொருத்தம். 'பக்க விளைவு' என்றால் நோயாளிக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறோம். 'திறன்' என்னும்போது அது மருந்தின் குணமாகிறது, இரண்டு மருந்துகளை ஒப்பிடவும் முடிகிறது. அதற்காகக் காய்ச்சல் வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சலே வராத குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

பல நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளை ஒப்பிடும்போது ஐந்து நோய்க்கா, ஆறு நோய்க்கா என்று எண்ணுவதைவிட உள்ளே இருக்கும் கக்குவான் இருமல் பகுதி எந்த வகை என்று பார்ப்பது முக்கியம். கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் கொண்ட பழைய வகையில் காய்ச்சலும் வலியும் அடிக்கடி வரும். 1981இல் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்த செல்லற்ற வகையில் சுத்திகரித்த சில புரதங்கள் மட்டுமே இருப்பதால் இவை குறைவு. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் குறைந்துவிடுகிறது.

அப்புறம், எதிர்வினை அதிகமாவதற்குக் கூட்டி வைத்ததே காரணமாவதும் உண்டு. ஒரு வயது கடந்த குழந்தைக்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை நான்கையும் முதல் தவணையிலேயே ஒரே ஊசியாகப் போட்டால், சின்னம்மையைத் தனி ஊசியாகப் போடுவதைவிடக் காய்ச்சல் வலிப்பு சற்று அதிகம்: சுமார் 2,300 முதல் 2,600 குழந்தைகளில் கூடுதலாக ஒருவருக்கு.

அனாபிலாக்சிஸ் எனும் கடும் ஒவ்வாமை இந்தச் சொல்லுக்குள் வராது. அது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அதனால்தான் ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.