சுவரடி ஹீட்டருக்கு வெள்ளையா, கருப்பா?

"சுவரடியில் பொருத்தும் கதிர்வீச்சு ஹீட்டரை வெள்ளை நிறத்தில் வாங்கினால் வெப்பம் குறையுமா? கருப்புதானே நன்றாக உமிழும் என்று படித்தோம்?" குளிர்ப் பகுதியில் வீடு கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குறையாது. ஏன் என்பதுதான் சுவையான விஷயம்.

முதலில் கருவி. பார்வைக்கு ஸ்கர்ட்டிங் பட்டை (சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடும் பட்டை) மாதிரியே இருக்கும். உயரம் 12–15 செ.மீ., தடிமன் 3 செ.மீ. அளவு. முன்னால் அலுமினிய முகப்பு, உள்ளே இரண்டு செப்புக் குழாய்கள். ஒன்றில் வெந்நீர் போகும், மற்றதில் திரும்பும். தகடுகள் கோத்த பழைய பெட்டி வகை காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பும். அதற்கு 70–80° செ. நீர் வேண்டும். இந்தப் பட்டையோ 50° நீரிலேயே வேலை செய்யும். ஹீட் பம்புக்கு (வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) பொருத்தமானது.

இனி நிறம். 50° வெப்பநிலை என்பது 323 கெல்வின். அந்தச் சூட்டில் ஒரு பொருள் மிகுதியாக உமிழும் அலைநீளம் சுமார் 9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நம் கண்ணுக்குத் தெரிவதோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் பெயிண்ட், 9 மைக்ரானில் கிட்டத்தட்ட கருப்பு! சாதாரண பெயிண்ட் எந்த நிறமானாலும் உமிழ்திறன் (முழுக் கருப்புப் பொருள் 1 என்றால், இது உமிழும் பங்கு) 0.9 அளவில் இருக்கும். பளபளப்பான வெறும் அலுமினியத்துக்கோ வெறும் 0.05. வெப்பநிலையிலிருந்து கதிர்வீச்சைக் கணக்கிடும் ஸ்டீஃபன்–போல்ட்ஸ்மான் விதியில் போட்டுப் பாருங்கள். அறை 20° என்றால், பெயிண்ட் அடித்த முகப்பு சதுர மீட்டருக்கு 179 வாட் கதிர்வீசும்; பளபளக்கும் முகப்பு 10 வாட். உள்ளே ஓடுவது அதே வெந்நீர்தான். மேலே இருக்கும் முடி அளவு பூச்சு இவ்வளவையும் தீர்மானிக்கிறது. அதனால் உலோகத் தூள் கலந்த வெள்ளி பெயிண்டைத் தவிருங்கள். முன்பே அடித்திருந்தாலும் சுரண்ட வேண்டாம். அதன்மேல் சாதாரண பெயிண்ட் ஒரு பூச்சு போதும், கடைசி அடுக்குதான் உமிழ்கிறது.

"கதிர்வீச்சு" என்று பெயர் இருந்தாலும் முழுதும் கதிர்வீச்சு அல்ல. 15 செ.மீ. உயர முகப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 27 வாட் கதிர்வீச்சாகவும், ஏறத்தாழ 24 வாட் உரசி எழும் காற்றாலும் வரும். அந்தக் காற்று சுவரைத் தழுவியே ஏறி, சுவரையும் சூடாக்கும். சுவர் சூடானால் காற்று 19° இருந்தாலும் உடம்புக்கு 20° போலத் தோன்றும்.

எவ்வளவு நீளம் வேண்டும்? வெளிப்புறம் பார்த்த சுவர் மொத்தம் 9 மீட்டர் நீளம், 2.5 மீ. உயரம் உள்ள 50 கன மீட்டர் அறையை எடுத்துக்கொள்வோம். வெளியே −5°, உள்ளே 20°. நல்ல வெப்பக்காப்புள்ள சுவர் (U மதிப்பு, அதாவது 1° வித்தியாசத்தில் சதுர மீட்டருக்குக் கசியும் வாட், 0.35) வழியே 171 வாட், 3 சதுர மீட்டர் ஜன்னல் (U மதிப்பு 1.4) வழியே 105, மணிக்குப் பாதி அறைக் காற்று மாறுவதால் 206. மொத்தம் 482 வாட். முன்முகம் மீட்டருக்குத் தரும் 51 வாட்டை (27 + 24) மட்டும் கணக்கில் எடுத்தால் 9.5 மீட்டர் தேவை. வெளிச்சுவர் முழுதும் ஓட்டி, பக்கச் சுவரில் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். வெப்பக்காப்பு இல்லாத வீட்டில் இந்தக் கணக்கு ஒருபோதும் தேறாது. அங்கே முதல் செலவு சுவருக்குத்தான்.

பலர் ஏமாறும் இடம் விற்பனைப் பட்டியல். அதிலுள்ள வாட் பெரும்பாலும் நீருக்கும் அறைக்கும் 50° வித்தியாசம் இருக்கும்போது அளந்தது. உங்கள் வித்தியாசம் 30° என்றால் கிடைப்பது ஏறத்தாழ பாதி. பல வெப்பநிலைகளுக்குச் சோதனை அட்டவணை தராதவரிடம் வாங்காதீர்கள். அந்த அளவீடுகள் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்சார வகையில் "மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கதிர்" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். ஹீட் பம்பு தவிர, ஒரு யூனிட் மின்சாரம் எந்த ஹீட்டரிலும் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

பொருத்திய பிறகு "டிக் டிக்" சத்தம் வருகிறதா? 5 மீட்டர் பட்டை 40° சூடேறினால் செம்பு 3.4 மி.மீ., அலுமினியம் 4.6 மி.மீ. நீளும். இந்த வித்தியாசம் இறுகிய கிளிப்பில் உரசித்தான் சத்தம் எழுகிறது. வழுக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் மூலைகளில் இடைவெளியும் போதும். சோஃபாவை ஒட்டிப் போட்டால் கதிர் அங்கேயே நிற்கும். தரைவரை தொங்கும் திரைச்சீலை சூட்டை ஜன்னல் பக்கம் அடைத்துவிடும். நீர் சலசலத்தால் உள்ளே காற்று இருக்கிறது. சுற்றின் உயரமான இடத்திலுள்ள வால்வைத் திறந்து, நீர் சொட்டும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.