கேண்டிட் படம் 'வெளிப்படையான படம்' ஆகாது

தொழில்முறைச் சந்திப்பு நிகழ்ச்சிக்கு ஒளிப்படக்காரரை அமர்த்தும்போது தரப்படும் வேலைக்குறிப்புகளில் இப்போது அடிக்கடி தென்படும் தொடர் இது: "வெளிப்படையான புகைப்படங்கள் 80, குழுப் புகைப்படங்கள் 20." முதல் எண்ணுக்கு எதை எடுத்துக் கொடுப்பது? ஆங்கில மூலத்தில் 'கேண்டிட்', அதாவது நிற்கவைக்காமல் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போதே எடுக்கும் படம், என்று இருந்ததை ஊகித்தவருக்குத்தான் புரியும். மூலம் தெரிந்தால்தான் விளங்கும் என்றால் அந்தச் சொல் நமக்கு எதற்கு?

வேர் எளிது. லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் பளிச்சென்ற வெள்ளை. பதவிக்குப் போட்டியிட்ட ரோமானியர் வெள்ளை அங்கி உடுத்தியதால் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்தே பிறந்தது. வெள்ளை களங்கமின்மை ஆயிற்று. களங்கமின்மை ஒளிவுமறைவில்லாத பேச்சு ஆயிற்று. ஒளிப்படத்துக்கு இந்தச் சொல் ஒட்டியது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஜெர்மானியரான எரிக் சாலமன் (1886–1944), மங்கிய ஒளியிலும் படமெடுக்க உதவும் எஃப் 1.8 லென்ஸ் கொண்ட சிறிய எர்மனாக்ஸ் கேமராவால், பளீரிடும் விளக்குப் பொடி இல்லாமலேயே அரசியல் மாநாடுகளில் தலைவர்கள் பேசுவதையும் களைத்துச் சாய்ந்திருப்பதையும் எடுத்தார். அந்த வகைப் படங்களுக்கு லண்டன் இதழொன்று வைத்த பெயர்தான் 'கேண்டிட் கேமரா'.

வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்க முடியாது. நமக்கும் வெள்ளை மனம் உண்டு, வெள்ளந்தி உண்டு. ஆனால் குறள் 844-இல் 'வெண்மை' என்பது அறிவின்மை. ஒரே நிறம் இரண்டு மொழிகளில் இரண்டு திசையில் போயிருக்கிறது.

இனி 'வெளிப்படை'. பேச்சுக்கு இது மிகச் சரி. "வெளிப்படையாகச் சொன்னார்" என்பதில் குறையே இல்லை. படம் எதை வெளிப்படையாகச் சொல்கிறது? போதாக்குறைக்கு, கேமராவுக்குள் ஒளி விழும் அளவைத் தமிழில் 'வெளிப்பாடு' என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. ஒரே குறிப்பில் "வெளிப்பாடு சரியாக இருக்கட்டும், படங்கள் வெளிப்படையாக இருக்கட்டும்" என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது.

இதைவிடக் கெடுதலானது 'மறைபடம்'. "தெரியாமல் எடுக்கும் படம்தானே, மறைபடம் என்றால் என்ன" என்பது அதை ஆதரிப்பவர்கள் வாதம். தெரியாமல் என்பதே தவறு. இத்தகைய நிகழ்ச்சியை முறையாக நடத்துகிறவர்கள் படமெடுப்பதை நுழைவாயிலிலேயே அறிவிப்பார்கள். படம் வேண்டாம் என்பவரின் பெயரட்டைக்கு வேறு நிற நாடா கொடுப்பார்கள். கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதை மறந்து பேச்சில் ஆழ்ந்த நொடியில் எடுப்பதே கேண்டிட். இங்கே ஒளிவது யாரும் இல்லை. ஒரு சொல் சம்மதத்தையே அழிக்குமானால் அதைப் புழக்கத்தில் விடக்கூடாது.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தாலே சரியான சொல் கிடைத்துவிடும். 85 மி.மீ. லென்ஸோடு 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லென்ஸின் திறப்பு எஃப் 2.8-இல் இருந்தால், அந்தத் தூரத்தில் முன்பின்னாகக் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாண்தான். ஆகவே ஒருவர் சற்றுப் பின்னால் நின்றால் திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்குப் போய், ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/200 நொடியில் வைப்பார்கள். பேசுகிறவரைக் குறிவைத்தால் வாய் கோணிய நொடிதான் சிக்கும். கேட்கிறவர் முகத்தில்தான் படம் இருக்கிறது. சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் கை பொத்தானில் இருக்கட்டும். சிரிப்பொலி கேட்ட பிறகு அழுத்தினால் சிரிப்பு பாதி வடிந்திருக்கும். ஃபிளாஷை நேராக அடித்தால் வட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும், அதன்பின் எல்லோரும் பாவனைதான். கூரை வெள்ளையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பட்டும். நிறம் பூசியிருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எல்இடி விளக்கு படத்தில் வரிவரியாகக் கோடு போடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் வேகம் 1/100 நொடிக்கு இறங்கினால் கோடு பெரும்பாலும் மறையும், ஆனால் அசையும் கை கலங்கும்.

இத்தனை பாடும் ஒன்றுக்காகத்தான்: அவர்கள் இயல்பு கெடக்கூடாது. ஆகவே இயல்புப் படம். 'எதார்த்தப் படம்' என்பதும் பேச்சில் உண்டு, புரியவும் செய்யும். ஆனால் அது கலையின் ஒரு போக்கையும் குறிக்கும். நம் சொல் கையில் இருக்கும்போது கடன் எதற்கு? 'தன்னிச்சைப் படம்' வேண்டவே வேண்டாம். யாருடைய இச்சை? கேமரா தானாகவே எடுத்தது என்றல்லவா பொருள்படுகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும்: 'இயல்புநிலைப் படம்' என்று நீட்டாதீர்கள். கணினித் தமிழில் 'இயல்புநிலை' என்றால் பயனர் மாற்றாதவரை இருக்கும் அமைப்பு; முகப்படம் ஏற்றாதவருக்கு வரும் சாம்பல்நிற உருவம்தான் நினைவுக்கு வரும்.

நிகழ்ச்சியின் பெயரிலும் இதே கோளாறு. 'நெட்வொர்க்கிங்' நிகழ்ச்சியை 'வலையமைப்பு நிகழ்வு' என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். வலையமைப்பு கணினிகளுக்கு. மனிதரிடம் வலை வீசுவது, வலை விரிப்பது என்றால் தமிழில் என்ன பொருள் என்று எழுதியவர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளக் கூடுகிறார்கள். அறிமுகக் கூடல் என்றால் யாருக்குப் புரியாது?

அந்த வேலைக்குறிப்பை இப்படி எழுதலாம்: "அறிமுகக் கூடல். இயல்புப் படங்கள் 80: கேமராவைப் பார்க்காமல், இருவர் அல்லது மூவர் பேசுவது, கைகுலுக்குவது, வாயில் உணவோடு வேண்டாம். நிற்கவைத்து எடுக்கும் குழுப் படங்கள் 20."