சொல் விளக்கம்: செரிஃப், சான்ஸ் செரிஃப், துணைச் செரிஃப்

எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ஒரே பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்திருப்பீர்கள். சோர்ஸ் சான்ஸ், சோர்ஸ் செரிஃப். பிடி சான்ஸ், பிடி செரிஃப். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ். முன்னால் இருப்பது குடும்பப் பெயர். பின்னால் வருகிற சொல்தான் இங்கே பேச வேண்டியது. அது எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். கூடவே, ஏற்கெனவே இருக்கும் ஒரு சான்ஸ் குடும்பத்துக்குத் துணையாகச் செரிஃப் வரையும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் அந்த வேலையிலும் தடுமாறுகிறார்கள்.

ரோமன் எழுத்தில் ஒரு கோடு முடிகிற இடத்தில், அந்தக் கோட்டுக்குக் குறுக்காகச் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கீற்றுக்குப் பெயர் செரிஃப். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்வெடிகாவில் அது நிமிர்ந்து நிற்கும் ஒரு வெறும் கோடு. டைம்ஸ் நியூ ரோமனில் அதே கோட்டின் தலையிலும் அடியிலும் படுக்கைவாட்டில் மெல்லிய கீற்றுகள் இருக்கும். அவைதான் செரிஃப். அவை இருக்கும் எழுத்துருவைச் செரிஃப் எழுத்துரு என்றும், இல்லாததைச் சான்ஸ் செரிஃப் என்றும் சொல்கிறோம்.

சரி, இப்போது 'ஓ'வைப் பாருங்கள். அது முழு வட்டம், கோடு எங்கும் முடிவதில்லை. அதனால் டைம்ஸின் 'ஓ'விலும் செரிஃப் இல்லை, ஹெல்வெடிகாவின் 'ஓ'விலும் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எந்த வகை என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். டைம்ஸின் 'ஓ' இரு பக்கமும் தடித்து, மேலும் கீழும் மெலிந்திருக்கும். ஹெல்வெடிகாவின் 'ஓ' சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். ஆக, பெயர் கோட்டின் நுனியைச் சொல்கிறது, வேறுபாடோ எழுத்து முழுக்கப் பரவியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சொல்லின் பிறப்பு முழுத் தெளிவாக இல்லை. பலரும் ஏற்கும் விளக்கம், டச்சு மொழியின் 'ஸ்க்ரேஃப்' என்பதிலிருந்து வந்தது என்பது. அதற்குக் கோடு, கீறல் என்று பொருள். டச்சில் எழுதுவதைக் குறிக்கும் 'ஸ்க்ரைவன்' என்ற வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வினை லத்தீனின் 'ஸ்க்ரிபெரே'யிலிருந்து வந்தது, அதன் பழைய பொருளோ கீறுதல். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தபோது அதற்கு நிலையான எழுத்துக்கூட்டல்கூட இல்லை. பர்மிங்காம் கட்டடக் கலைஞர் வில்லியம் ஹாலின்ஸ் 1813-இல் பெரிய எழுத்துகளுக்கு வகுத்த விதிகளில் இதைச் 'சரிப்சிஸ்' என்று எழுதி, கிரேக்க வேர் ஒன்றைக் காட்டினார். எழுத்துகளின் தலையிலும் அடியிலும் நீட்டிக்கொண்டிருப்பவை என்று அவர் சொன்ன விளக்கத்தில், 'ஓ'வுக்கும் 'கியூ'வுக்கும் மட்டும் அவை கிடையாது என்ற குறிப்பும் உண்டு.

'சான்ஸ்' பிரெஞ்சுச் சொல், 'இல்லாமல்' என்று பொருள். இங்கே வரலாறு தலைகீழாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். செரிஃப் என்ற உறுப்பு மிகப் பழையது. ரோமில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடியில் உள்ள கல்வெட்டில் அது முழு அழகோடு இருக்கிறது. உளி கோட்டை முடிக்கும் விதத்தால் வந்தது என்று நெடுநாள் நம்பினார்கள். கல்லில் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள், தூரிகையின் திருப்பம்தான் செரிஃப் ஆனது, உளி அதைப் பின்பற்றியது என்று எழுத்துக்கலை அறிஞர் எட்வர்ட் கேட்டிச் 1968-இல் விரிவாக வாதிட்டார். எழுத்தைக் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் எளிதில் பிடிபடும், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. ஆனால் இவ்வளவு பழைய உறுப்புக்கு அச்சுத் தொழிலில் தனிப்பெயர் தேவைப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில்தான். எல்லா எழுத்திலும் இருக்கும்வரை அதை யாரும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1816-இல் லண்டனில் அச்செழுத்து வார்ப்பாளர் நான்காம் வில்லியம் காஸ்லன், தான் விற்கும் எழுத்துகளைக் காட்டும் மாதிரிப் புத்தகத்தில் அது இல்லாத அச்செழுத்தைக் காட்டினார். பெரிய எழுத்துகள் மட்டும் கொண்ட அந்த எழுத்துக்கு அவர் வைத்த பெயர் 'எகிப்தியன்'. பிறகு ஜெர்மனியில் 'க்ரோடெஸ்க்', அமெரிக்காவில் 'காதிக்' என்றெல்லாம் அழைத்தார்கள். 'சான்ஸ் செரிஃப்' என்ற பெயரை 1830-களில் இன்னொரு லண்டன் வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் தன் மாதிரிப் புத்தகத்தில் பயன்படுத்தினார். அதுதான் நிலைத்தது.

மற்ற மொழிக்காரர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைக் கடன் வாங்கிவிடவில்லை. பிரெஞ்சில் கீழே அகன்று தாங்கும் அடிப்பாகத்தைக் குறிக்கும் 'ஆம்பாத்மான்'. இத்தாலியில் நயம் என்று பொருள்படும் 'கிராட்சியே'. ரஷ்ய மொழியில் வெட்டுத்தடத்தைக் குறிக்கும் 'சசேச்கா'. ஸ்பானியர்கள் சான்ஸ் செரிஃபை 'பாலோ செகோ', அதாவது காய்ந்த குச்சி என்கிறார்கள்.

தமிழில்? ஒலிபெயர்த்துச் 'செரிஃப்' என்று எழுதுவதே இப்போதைய பழக்கம். புரியும், தவறில்லை. ஆனால் ஆய்தத்தை விட்டுவிட்டால் 'செரிப்பு' நினைவுக்கு வருகிறது, வேற்றுமை உருபு சேர்க்கும்போதெல்லாம் இடறுகிறது. 'அடிக்கோடு' என்றால் சொற்களுக்குக் கீழே இழுக்கும் கோடு. 'பாதம்' என்றால் தலையில் இருக்கும் கீற்றுகளை என்ன செய்வது? 'வால்' என்பதற்கு எழுத்துருத் தொழிலில் வேறு வேலை இருக்கிறது, ஆங்கிலக் 'கியூ'வின் வாலைத்தான் அது குறிக்கும். 'அலங்கார எழுத்து' என்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பத்தி பத்தியாகப் படிப்பதற்கு மிக எளிய, அலங்காரமே இல்லாத எழுத்துருக்கள் பல செரிஃப் வகையில்தான் இருக்கின்றன.

நான் பரிந்துரைப்பது 'முனைக்கீற்று'. முனை என்பது எங்கே என்று சொல்கிறது. கீற்று என்பது எவ்வளவு சிறியது, எப்படிப்பட்டது என்று சொல்கிறது. கீறு என்ற வேர், டச்சுச் சொல்லின் கீறல் என்ற பொருளோடும் தானாகப் பொருந்துகிறது. எழுத்துருவைக் குறிக்கும்போது சுருக்கமாகக் 'கீற்றெழுத்து', 'கீற்றிலா எழுத்து' என்று சொல்லலாம். ஒரு சான்ஸ் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வரைவதைத் 'துணைக் கீற்றெழுத்து' எனலாம்.

அந்தத் துணை எப்படி உருவாகிறது என்பதில்தான் 'ஓ' பாடம் கைகொடுக்கும். கீற்றிலா எழுத்தை எடுத்து நுனிகளில் கீற்றை ஒட்டினால் கீற்றெழுத்து வந்துவிடும் என்று பெயர் நம்மை நம்ப வைக்கிறது. ஒட்டிப் பார்ப்போம். எழுத்துரு வரையும் கட்டத்தை 1000 அலகுச் சதுரமாகப் பிரித்து வரைகிறோம் என்று வையுங்கள். சான்ஸின் சிறிய 'என்' எழுத்தில் இரண்டு தண்டுகள், அதாவது நிமிர்ந்த கோடுகள், ஒவ்வொன்றும் 84 அலகு தடிமன். இடையே உள்ள வெற்றிடம் 240. ஒவ்வொரு தண்டின் அடியிலும் இருபுறமும் 60 அலகு நீளும் கீற்றை வைக்கிறோம். உள்பக்கம் நீளும் இரண்டு கீற்றுகளும் சேர்ந்து 120 அலகை விழுங்கிவிடுகின்றன. 240 இருந்த வாசல் பாதியாகிவிட்டது, சின்ன அளவில் அச்சிட்டால் அடி மூடிய பெட்டி போலத் தெரியும். அப்போது எழுத்தை அகலமாக்க வேண்டும், அல்லது உள்கீற்றை வெளிக்கீற்றைவிடக் குட்டையாக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டியிருக்கும். எழுத்து அகன்றால் எழுத்துகளுக்கு இடையே உள்ள வெளியும் அகல வேண்டும், இல்லாவிட்டால் உள்வெளியும் இடைவெளியும் ஒத்துப்போகாது. சான்ஸில் பார்த்துப் பார்த்து அமைத்த இடைவெளி எண்கள் எதுவும் இங்கே உதவாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் கருமை. தண்டு இரண்டிலும் 84 அலகுதான், ஆனால் கீற்றெழுத்தில் வளைவு தண்டோடு சேரும் இடம் 40 அலகுக்கு மெலிந்துவிடுகிறது. ஒரு பத்தி முழுக்க அச்சிட்டுப் பார்த்தால் துணை வெளிறித் தெரியும். இரண்டு பத்திகளும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிய, கீற்றெழுத்தின் தண்டு சில அலகுகள் கூட வேண்டும். எத்தனை அலகு என்பதைக் கண்தான் சொல்லும். அச்செடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்தப் பத்தி முன்னால் வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே குடும்பத்தில் மெல்லியதிலிருந்து தடித்ததுவரை வரும் தடிமன் வரிசையில் இது இன்னும் சிக்கலாகும். மிக மெல்லிய வகையில் தண்டே மயிரிழை அளவுதான், அதைவிட மெல்லியதாக்க இடமில்லை. அதனால் தடிப்பு-மெலிவு வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்து, துணையும் சான்ஸும் நெருங்கிவிடுகின்றன. மிகத் தடித்த வகையில் தண்டு பெருத்தாலும் மெலிந்த கோடுகளை அந்த அளவுக்குப் பெருக்க முடியாது, உள்வெளி அடைத்துவிடும். அங்கே இரண்டும் விலகி நிற்கும். ஒவ்வொரு தடிமனிலும் ஒரே அளவு ஒற்றுமையை எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் பொதுவாக இருப்பது எது? தொழிலில் எலும்புக்கூடு என்பார்கள். சிற்றெழுத்தின் உயரம், அகல விகிதம், வளைவின் இறுக்கம், கோடு தண்டிலிருந்து கிளம்பும் இடம், வரி உயர அளவுகள், எண்களின் அகலம். உடன்பிறந்தவர்களை உடுப்பை வைத்து அடையாளம் காண்பதில்லை, தாடையையும் நடையையும் வைத்துத்தான் காண்கிறோம். டச்சு வடிவமைப்பாளர் மார்ட்டின் மேஜோர் இதையே எதிர்த்திசையில் செய்தார். அவருடைய 'ஸ்காலா' முதலில் கீற்றெழுத்தாக வந்தது, அதே எலும்புக்கூட்டிலிருந்து 1993-இல் 'ஸ்காலா சான்ஸ்' வந்தது. லூகாஸ் டி க்ரூட் 1994-இல் வெளியிட்ட 'தீசிஸ்' பெருங்குடும்பத்தில் சான்ஸுக்கும் செரிஃபுக்கும் நடுவே 'மிக்ஸ்' என்று ஒரு கலப்பும் உண்டு. அதில் மூன்றும் ஒரே வரைவின் மூன்று நிலைகளாகவே இருக்கின்றன. அது சாத்தியமானதற்குக் காரணம், அவருடைய செரிஃபிலும் தடிப்பு-மெலிவு வேறுபாடு குறைவு.

சான்ஸ் முதலில் பிறந்து செரிஃப் பின்னால் வருவதற்கு 'மெட்டா' நல்ல எடுத்துக்காட்டு. எரிக் ஸ்பீக்கர்மானின் 'மெட்டா' 1991-இல் வந்தது. 'மெட்டா செரிஃப்' வந்தது 2007-இல், கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ், கிறிஸ் சவர்ஸ்பி ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து வரைந்து. எனக்கு இதைவிடவும் பிடித்தது 'சோர்ஸ் செரிஃப்'. 2012-இல் அடோபி வெளியிட்ட 'சோர்ஸ் சான்ஸ்', அமெரிக்கக் 'காதிக்' எழுத்துகளின் வழி வந்தது. அதற்குத் துணையாக ஃபிராங்க் க்ரீஸ்ஹாமர் வரைந்த செரிஃப் 2014-இல் வந்தபோது, 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அச்செழுத்துக் கலைஞர் ஃபூர்னியேவின் வழியை அடிப்படையாகக் கொண்டிருந்தது. வேறு காலம், வேறு மரபு. இருந்தும் ஒரே வரியில் இரண்டையும் கலந்தால் உறுத்தவில்லை. துணைக்கு நகலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி தமிழ் எழுத்துக்கு வருவோம். 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதில் முனைக்கீற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். அதன் தமிழ் எழுத்துகளில் இருப்பது தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் கோடு. ரோமன் பாணிக் கீற்றை ஏன் ஒட்டவில்லை? 'ர'வையும் துணைக்காலையும் பாருங்கள். 'ர'வின் அடியில் சாய்வாக ஒரு சின்னக் கோடு, காலுக்கு அது கிடையாது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் கண்ணில் படும் வேறுபாடே அதுதான். காலின் அடியில் ஒரு கீற்றை வைத்தால் படிப்பவர் தடுமாறுவார். ரோமன் எழுத்தில் நுனிக்கீற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் எழுத்து அதே எழுத்துதான். தமிழில் நுனியில் வரும் சின்னக் கோடு எழுத்தையே மாற்றிவிடும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் கோடு ஒரே தடிமனாகத்தான் விழுந்தது, தடிப்பும் மெலிவும் பின்னால் வந்தவை.

ஆகவே தமிழ் எழுத்துருவைப் பற்றி எழுதும்போது 'கீற்றெழுத்து' என்ற சொல்லை அப்படியே பயன்படுத்தக் கூடாது. 'தடிமன் மாறும் எழுத்து', ஒரே தடிமனில் ஓடுவதைச் 'சீர்கோட்டு எழுத்து' என்று கோட்டின் தன்மையைச் சொல்வதுதான் சரி. கோப்பின் பெயரில் செரிஃப், சான்ஸ் என்று இருப்பதை மாற்ற வேண்டாம், மென்பொருள் பட்டியலில் குடும்பம் சேர்ந்து நிற்க அது தேவை. விளக்கத்தில் மட்டும் சொல்லைப் பிரித்துப் பயன்படுத்தினால் போதும்.

இதனோடு சேர்ந்த சொற்கள் சில. தடிப்பு-மெலிவு வேறுபாடு மிக அதிகமான போடோனி வகை எழுத்துருக்களில் வரும் மிக மெல்லிய கீற்றை 'மயிரிழைக் கீற்று' எனலாம். கீற்று தண்டோடு சேருமிடத்தில் உள்ள சிறு வளைவைத் 'தாங்கு வளைவு' எனலாம். தண்டுக்குச் சமமாகத் தடித்த ஸ்லாப் செரிஃபுக்குப் 'பட்டைக்கீற்று' பொருந்தும். இந்தப் பட்டைக்கீற்று எழுத்தில் தடிப்பு-மெலிவு குறைவு என்பதால், சான்ஸ் குடும்பத்துக்கு முதல் துணையாக அதை வரைவது எளிது. 2011-இல் வந்த 'ரோபோட்டோ'வுக்கு 'ரோபோட்டோ ஸ்லாப்' 2013-லேயே வந்துவிட்டது. 'ரோபோட்டோ செரிஃப்' வர 2022 ஆயிற்று.