மேல்காதில் துப்பாக்கி வைக்காதீர்கள்

கல்லூரி திறந்து சில வாரங்கள் ஆனதும் தொடங்கிவிடும். பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள், இப்போது பையன்களும்தான், ஒரு பக்கக் காதைத் துப்பட்டாவாலோ கைக்குட்டையாலோ மறைத்தபடி வருவார்கள். விலக்கிப் பார்த்தால் மேல்காது செக்கச்செவேல் என்று வீங்கி, தலையை விட்டு விலகி முன்னால் தள்ளி நிற்கும். விரல் பட்டாலே அலறுவார்கள். தோடு போடும் சோணை மட்டும் எந்த வீக்கமும் இல்லாமல் இருக்கும். எங்கே குத்தினீர்கள் என்று கேட்கும் முன்பே பதில் தெரிந்துவிடும்: ஃபேன்சி ஸ்டோரில், காது குத்தும் துப்பாக்கியால். போன வாரம் வந்த பெண்ணுக்குச் சீழைக் கீறி எடுத்தபோது உள்ளே குருத்தெலும்பில் ஒரு பகுதி செத்திருந்தது. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காது இனிப் பழைய வடிவத்துக்கு வராது. காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். “கைக்குழந்தையா இருக்கும்போதே காது குத்தினோமே டாக்டர், அப்ப ஒண்ணும் ஆகலையே?” ஆகாது. அன்று குத்தியது சோணையில். அது தோலும் கொழுப்பும் நல்ல இரத்த ஓட்டமும் உள்ள சதை. கிருமி புகுந்தாலும் உடம்பு எதிர்த்துப் போராடும், மாத்திரையும் இரத்தத்தோடு போய்ச் சேரும். சோணைக்கு மேலே மடலை மடக்கிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்து நிமிர்கிறதே, அது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாயே கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு வரவேண்டும். உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டால் அந்த வழி அடைபடும். சில நாட்களில் குருத்தெலும்பு செத்து, மடல் சுருங்கிக் கட்டிதட்டிப் போகும். செத்தது மறுபடி வளராது. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துக் காது செய்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது. பிறவியிலேயே காது மடல் இல்லாத குழந்தைகளுக்குச் செய்வது அது. ஒரு சின்ன வளையத்துக்காக அங்கே போய் நிற்க வேண்டுமா?

சோணையும் மேல்காதும் ஒன்றே என்று நினைப்பதுதான் முதல் தப்பு. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கியைப் பிடிப்பது அதைவிடப் பெரிய தப்பு. துப்பாக்கிக்குள் இருப்பது ஊசி இல்லை, கம்மலின் தண்டு. முனை சுமாரான கூர்மைதான். ஸ்பிரிங் விசையில் அதை அடித்து ஏற்றுகிறார்கள். சோணையில் எப்படியோ நுழைந்துவிடும். குருத்தெலும்பில் அது துளை போடுவதைவிட நசுக்குவதே அதிகம். உறை உரிந்து வரும், சில நேரம் குருத்தெலும்பே விரிசல் விடும். அடித்த கையோடு பின்புறம் கிளிப் இறுகப் பிடித்துக்கொள்வதால் வீங்கக்கூட இடம் இருக்காது. துப்பாக்கியின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். கருவிகளை அழுத்த நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும் என்பதால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அடுத்த ஆளுக்கு எடுக்கிறார்கள். துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது. முந்தைய ஆளின் இரத்தத் துளி அதில் இருந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வரைக்கும் போகலாம்.

“பாட்டி மேல்காதில் கொப்பு, முருகு எல்லாம் போடலையா?” என்பார்கள். போட்டார்கள். ஆசாரி கூரான கம்பியால் கையால் குத்தி, மெல்லிய தங்கக் கம்பியைத் தளர்வாக வளைத்து விட்டார். எந்த ஸ்பிரிங்கும் அடிக்கவில்லை, எந்தக் கிளிப்பும் நெரிக்கவில்லை. அப்படியும் புண்ணாகிச் சுருங்கிய காதுகள் உண்டு. வயதான அம்மாக்களைப் பரிசோதிக்கும்போது இன்றைக்கும் பார்க்கிறேன். அவர்கள் அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடை பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே நகைக்கடையில் குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி ஆய்வகத்தில் உறுதியானது. குத்தும் முன் தெளிக்கும் கிருமிநாசினி பாட்டிலிலேயே அதே கிருமி இருந்தது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும் கிருமி அது. மேல்காதுச் சீழில் நாங்கள் அதிகம் பார்ப்பதும் அதைத்தான். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின் அதை ஒன்றும் செய்யாது. நான்கு நாள் மாத்திரை போட்டும் குறையவில்லை என்று வருகிறார்கள். அந்த நான்கு நாளில்தான் காது போகிறது.

மேல்காதில் குத்தவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். குருத்தெலும்பில் குத்தும் இடத்தை ஹெலிக்ஸ், ட்ராகஸ், காங்க் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரித்து எடுக்கிற, ஒரே முறை பயன்படும் உள்துளை ஊசியால், புதுக் கையுறை போட்ட, பழகிய கை குத்த வேண்டும். முதலில் போடும் தண்டு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், வீக்கத்துக்கு இடம் வேண்டுமல்லவா? டெய்த், அதாவது காதுத் துளைக்கு மேலே இருக்கும் குருத்தெலும்பு மடிப்பில் குத்தினால் ஒற்றைத் தலைவலி போகும் என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: அதற்கு நம்பகமான சான்று இல்லை. தலைவலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

ஆறுவதற்கு எவ்வளவு நாள் என்பது இடத்தைப் பொறுத்தது. சோணை 6 முதல் 8 வாரம். நாக்கு 4 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும், ஆனால் அந்தக் குண்டு பல்லில் தட்டித் தட்டி விளிம்பை உடைக்கும், ஈறை இறக்கும். புருவமும் உதடும் இரண்டு மாதம் போல. மூக்கு மடல் சில மாதம் எடுக்கும். மூக்குத்தியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு குமிழ் வருவது சாதாரணம், கிள்ளாதீர்கள். மேல்காதுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம். தொப்புளுக்கும் அப்படியே, பாவாடை நாடாவும் ஜீன்ஸ் இடுப்பும் உரசிக்கொண்டே இருப்பதால். துளை இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கித்தான் ஆறும். அதனால் வெளியே ஆறின மாதிரி தெரியும்போது உள்ளே இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். மூன்றாவது வாரமே அழகான ஜிமிக்கி வளையம் மாற்றிவிட்டு வந்து “ஆறிடுச்சுன்னு நினைச்சேன்” என்கிறார்கள்.

பராமரிப்பு என்ற பெயரில் நடப்பதைப் பற்றிப் பேசினால் கோபம்தான் வருகிறது. மஞ்சள் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். விபூதி, டெட்டால், ஸ்பிரிட், நுரைக்கும் பெராக்சைடு எதுவும் வேண்டாம். தண்டைப் பிடித்துத் திருகித் திருகி விடாதீர்கள். உள்ளே வளரும் புதுத் தோலை நீங்களே கிழிக்கிறீர்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, நாளுக்கு இரண்டு முறை, மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனால் நனைத்துத் துடைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். வெள்ளையாகக் கசிந்து பொருக்குத் தட்டுவது சீழ் இல்லை, ஊற வைத்து எடுங்கள். ஆறும்வரை அந்தப் பக்கம் சாய்ந்து தூங்காதீர்கள், நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் போகாதீர்கள். ஹெல்மெட் போடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், மாட்டும்போதும் கழற்றும்போதும் நிதானம் வேண்டும்.

கவரிங் நகையைப் புதுத் துளையில் போடாதீர்கள். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது, வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாம் அரிக்கும். 22 காரட் தங்கமோ, உடம்புக்குள் பொருத்தும் இம்பிளான்ட் தர டைட்டானியமோ போடுங்கள்.

வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் கீலாய்டு இருக்கிறதா என்று குத்தும் முன் கேளுங்கள். நம் போன்ற கருநிறத் தோலில் அது அதிகம். துளையின் எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாக வரும். தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி, அழுத்தக் கம்மல், சில நேரம் கதிர்வீச்சு என்று நீண்ட வேலை அது. அழகு நிலையத்தில் “மருவை எடுக்கிற மாதிரி எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்குக் காதணி விழா வைப்பதாக இருந்தால் 14-ஆவது வாரத் தடுப்பூசி முடியட்டும், பிறகு தாய்மாமன் மடியில் உட்கார வையுங்கள். திருகாணி கழன்றால் குழந்தை விழுங்கிவிடும், தினமும் பாருங்கள். இதய வால்வில் கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எங்கேயும் குத்தாதீர்கள்.

மேல்காது குத்திய பிறகு வலி குறைவதற்குப் பதிலாக ஏறினால், மடல் சூடாகிச் சிவந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே வாருங்கள். நகையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும், கழற்றுவதா வைப்பதா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். ஐந்தாவது, ஆறாவது நாள் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் திட்டு விழும் என்று விடுதியிலேயே மறைத்து வைத்திருந்தவர்கள். பெற்றோரிடம் கைகூப்பிக் கேட்கிறேன், காது சிவந்த பிள்ளையைப் பார்த்தால் முதலில் ஆட்டோ பிடியுங்கள். “யாரைக் கேட்டுக் குத்தின?” என்பதை மருந்து ஏறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.