ராபர்ட் ஜான்சனின் தொண்டை எத்தனை சென்டிமீட்டர்?

"ராபர்ட் ஜான்சனின் இசைத்தட்டுகளை 20 சதவீதம் வேகம் கூட்டித்தான் வெளியிட்டார்களாமே, குறைத்துப் போட்டால்தான் அசல் குரலாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ப்ளூஸ் ரசிகர்கள் நடுவே பல வருடமாக ஓடும் பேச்சு இது. எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆளைத் தெரியாதவர்களுக்கு: ப்ளூஸ் என்கிற, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைக் கிட்டாரோடு பாடியவர், அமெரிக்காவின் மிசிசிப்பிக்காரர், 1938-இல் 27 வயதில் இறந்தார், விட்டுப்போனது 29 பாட்டு. 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' 1936 நவம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில், ஓட்டல் அறை ஒன்றில் பதிவானது. இன்று கேட்கிற வடிவத்தில் தாளம் நிமிடத்துக்குச் சுமார் 106 அடி, சுருதி ஏறக்குறைய பி, அதாவது நம்மூர் 7 கட்டை.

தட்டு சுற்றும் வேகம் மாறினால் சுருதியும் தாளமும் சேர்ந்தேதான் மாறும். பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டேப் ரெக்கார்டரைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். (வாட்ஸாப் குரல்பதிவை ஒன்றரை மடங்கில் ஓட்டினால் சுருதி ஏறுவதில்லையே என்றால், அங்கே மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறது. ஊசிக்கு அந்த வித்தை தெரியாது.) ஒரு சுரத்தானம் (ஒரு ஸ்தாயியில் இப்படிப் பன்னிரண்டு) ஏற அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும், மூன்று ஏறினால் 19. ஆக, அந்த 20 சதவீதத்தைக் கழித்தால் 7 கட்டை ஐந்தரைக்கு இறங்கும், 106 அடி 88 ஆகும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டை 65-இல் ஓட்டிப் பதிந்திருக்க வேண்டும்.

சரி, கணக்கு முடிந்தது. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சுருதியைத் தீர்மானிப்பவை குரல்நாண்கள். ஆனால் குரலின் சாயலைத் தருவது அதற்கு மேலே தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய், ஆணுக்குச் சுமார் 17 செ.மீ., பெண்ணுக்கு 14, 15. அந்தக் குழாய் சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கும்: 'ஆ' என்றால் முதல் ஒத்ததிர்வு ஆணுக்கு 700 ஹெர்ட்ஸ் பக்கம், பெண்ணுக்கு 850 பக்கம். எவ்வளவு மேலே போய்ப் பாடினாலும் குழாயின் நீளம் அவ்வளவாக மாறாது, அதனால்தான் உச்சஸ்தாயியில் பாடும் ஆண் அப்போதும் ஆணாகவே கேட்கிறார். தட்டின் வேகத்தைக் கூட்டும்போது கதை வேறு. எல்லா அதிர்வெண்ணும் ஒரே விகிதத்தில் பெருகும், 700 போய் 840 ஆகும், 17 செ.மீ. குழாய் 14-க்குச் சுருங்கியது போலக் கேட்கும். பாடகரின் உடம்பையே இயந்திரம் சிறிதாக்கிவிடுகிறது!

இப்போது திருப்பிப் போடுவோம். தட்டு சரியான வேகத்தில்தான் இருக்கிறது, நாம்தான் அதைக் குறைக்கிறோம் என்றால்? 20 செ.மீ. தொண்டையோடு ஒரு பூதம் பாடும். குரல் கனக்கும், தாளம் தளரும், நம் மூளை அதைப் பெரிய உடம்பு, பெரிய துக்கம் என்று எடுத்துக்கொள்ளும். "குறைத்துக் கேட்டேன், கண்ணீர் வந்தது, அதனால் இதுதான் அசல்" என்கிற வாதம் இங்கேதான் அடிபடுகிறது, ஏனென்றால் எந்தப் பாட்டைக் குறைத்தாலும் கொஞ்சம் அழுகை வரத்தான் செய்யும். அப்புறம், ஏழு மாதம் கழித்து 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவு நடந்திருக்கிறது. இரண்டு ஊரிலும் அச்சடித்தாற்போல ஒரே அளவு பிழையா? ஒன்றிரண்டு சதவீதம் பிசகியிருக்கலாம், அது வேறு.

நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுத்தான் கிட்டார் கற்றார் என்ற கதையும் இவர் தலையில்தான் கட்டப்பட்டது. நாற்சந்தியைப் பெயரிலேயே வைத்திருக்கும் 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டில் சாத்தானே வரவில்லை, மண்டியிட்டு ஆண்டவரைத்தான் கூப்பிடுகிறார். சொல்லிக்கொடுத்தவர் ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்காரர்.

சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாடகரின் பாட்டை ஏற்றி, வேகத்தை −16.7 சதவீதம் மாற்றிக் கேளுங்கள் (1.2-ஆல் வகுக்கிறோம், அதனால் 20 இல்லை). டெம்போவை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், அது சுருதியை விட்டுவிடும்.