எந்தக் கணக்குக்கும் சிக்காத படம்

2004-ல் அமெரிக்காவில் ‘நெப்போலியன் டைனமைட்’ என்று ஒரு சின்னப் படம் வந்தது. ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிற்றூர், யாரோடும் ஒட்டாத ஒரு பள்ளிக்கூடப் பையன், மாணவர் தேர்தலில் நிற்கும் அவன் நண்பன் பெட்ரோ, கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்து 4 கோடி டாலருக்கு மேல் வசூல். பார்த்தவர்களில் ஒரு கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது, இன்னொரு கூட்டம் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டது. 1 ஸ்டார் அல்லது 5 ஸ்டார், நடுவில் நின்றவர்கள் குறைவு. இது யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் கெட்டிக்காரர்கள் பலர் திணறினார்கள். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் ரசனை எதனால் ஆனது என்று அதில் கொஞ்சம் தெரிகிறது.

நெட்ஃபிளிக்ஸ் அப்போது தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம். ஒருவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று ஊகிக்க ‘சினிமேட்ச்’ என்ற மென்பொருளை வைத்திருந்தார்கள். அதைவிட 10 சதவீதம் சரியாக ஊகிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006 அக்டோபரில் அறிவித்தார்கள். 4,80,189 பேர், 17,770 படங்களுக்குக் கொடுத்த 10 கோடிக்கு மேற்பட்ட ரேட்டிங்குகளைப் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்டார்கள். சினிமேட்ச்சின் ஊகம் தோராயமாக 0.95 ஸ்டார் அளவுக்குத் தவறிக்கொண்டிருந்தது.

சரி, இதை எப்படி ஊகிப்பது? முதல் படி ரொம்ப எளிமை. சிலர் மார்க் போடுவதில் கை இறுக்கம், சிலர் தாராளம். அதே மாதிரி சில படங்கள் பொதுவாகவே பலருக்குப் பிடிக்கும். மொத்த சராசரி 3.6 என்றால், எல்லாரையும்விட அரை ஸ்டார் கூடுதலாகப் போடும் ஒருவர் சராசரியைவிட 0.3 குறைவான ஒரு படத்துக்கு 3.8 போடுவார் என்று கணக்கு. இதிலேயே கணிசமான தூரம் போய்விடலாம்.

அடுத்த படிதான் அழகு. ஆட்கள் வரிசையாகவும் படங்கள் பத்தியாகவும் ஒரு மாபெரும் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் கிட்டத்தட்ட 99 சதவீதக் கட்டங்கள் காலி. ஒவ்வொரு படத்துக்கும் சில எண்கள், ஒவ்வொரு ஆளுக்கும் அதே எண்ணிக்கையில் சில எண்கள் கொடுத்துவிட்டு, இரண்டையும் ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால் அந்த ஆளுக்கு அந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகும் என்று ஒரு விடை வரும். ஆரம்பத்தில் அந்த எண்கள் சும்மா வைத்தவைதான். கணினி ஏற்கெனவே தெரிந்த ஒரு ரேட்டிங்கை ஊகித்துப் பார்க்கும், எவ்வளவு தவறியதோ அதற்கேற்ப இரண்டு பக்க எண்களையும் துளி நகர்த்தும், பிறகு அடுத்த ரேட்டிங், அப்புறம் அடுத்தது, இப்படிப் பல கோடி முறை. சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் போட்டியிட்டவர் இந்த வழியை 2006 டிசம்பரில் இணையத்தில் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார், பரிசுப் போட்டிக்கு நடுவில்!

கணினிக்குக் கதை தெரியாது, நடிகர் தெரியாது, ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. இருந்தும் எண்கள் படிந்த பிறகு பார்த்தால், ஒரு எண்ணின் ஒரு முனையில் விடலைத்தனமான நகைச்சுவைப் படங்களும் மறுமுனையில் அழுத்தமான கதைகளும் தானாகவே ஒதுங்கியிருந்தன. இன்னொரு எண்ணில் ஒரு பக்கம் விநோதமான சின்னப் படங்கள், மறுபக்கம் வழக்கமான பெரிய படங்கள்.

நெப்போலியன் டைனமைட் இந்த எதிலும் சரியாக உட்காரவில்லை. எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகும் இரண்டு பேர் இந்த ஒரு படத்தில் எதிரெதிரே நின்றார்கள். பரிசைத் தொட தான் இன்னும் குறைக்க வேண்டியிருந்த பிழையில் 15 சதவீதம் இந்த ஒரே படத்தால் வருகிறது என்று போட்டியாளர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

படம் மட்டுமா சிக்கல்? ஆளும்தான். லண்டனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலிருந்தபடி போட்டியிட்ட கேவின் பாட்டர் ஒன்றைப் பிடித்தார்: தொடர்ந்து நல்ல மார்க் போட்டுக்கொண்டு வரும் ஒருவர் அடுத்த படத்துக்கும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார், மட்டமான படங்களாக வரிசையாக மார்க் போட்டு வந்தவர் நல்ல படத்துக்கும் குறைத்துவிடுகிறார். முன்னால் போட்ட எண் பின்னால் வருவதை இழுக்கிறது. ரேட்டிங் போட்ட தேதியைக் கணக்கில் சேர்த்ததும் மற்ற குழுக்களின் ஊகங்களும் கூர்மையாயின.

2009 செப்டம்பரில் பரிசு கொடுக்கப்பட்டது. அதே மதிப்பெண் எடுத்த இன்னொரு குழு 20 நிமிடம் தாமதமாக அனுப்பித் தோற்றது. வென்ற குழுவின் பிழை 0.8567. மூன்று வருட உழைப்புக்குப் பிறகும், மக்கள் கொடுத்த மார்க்கில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் விளக்கப்படாமலே நின்றது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷும் ஜேக் விரிட்னரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதோடு பொருந்துகிறது. 3,000-க்கு மேற்பட்டவர்கள், 209 படங்கள். இரண்டு பேரின் ரசனை முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0 என்று வைத்தால், சராசரியாக வந்தது 0.26. விமர்சகர்களின் கருத்தும் ஒரு சாதாரண ரசிகரோடு இதைவிட நன்றாக ஒத்துப்போகவில்லை.

மூளையிலேயே இதன் தடம் உண்டு. மூளை ஆய்வாளர் ஊரி ஹாசனும் அவர் குழுவினரும் படம் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பார்த்தபோது மூளையின் மேலடுக்கான புறணியில் 65 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியின் செயல்பாடு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. ஒரு பூங்காவைக் கேமராவை அசைக்காமல் எடுத்து, வெட்டாமல் ஓடவிட்டபோது அது 5 சதவீதத்துக்கும் குறைவு. இயக்குநர் இழுத்துப் பிடிக்காத இடத்தில் ஒவ்வொருவரும் தன் போக்கில் போகிறார்கள். நெப்போலியன் டைனமைட் மாதிரி முகத்தில் எதையும் காட்டாத படங்கள் அந்த இடத்தைத் தாராளமாக விட்டுவைக்கின்றன என்பது என் எண்ணம்.

சில வருடங்களுக்கு முன் அக்காவோடு ஒரு படம் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கும் நீளமான காட்சி, வசனம் கிடையாது. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா அழுதுகொண்டிருந்தாள். அந்த வருடம்தான் எங்கள் அம்மாவோடு அவள் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் வெளியூரில் இருந்தேன். அவள் 5 போட்டாள், நான் 2. போன மாதம் அதே படத்தைத் தனியாக மறுபடி பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது மணி பார்க்கவில்லை.