சோலார் போடும் முன் கரண்ட் பில்லை எடுங்கள்

"சாரே, சோலார் போட்டா லாபமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டின் ஒரு வருடக் கரண்ட் பில்லைத்தான். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில், 100 யூனிட் இலவசம் போக, பில் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். இதற்கு 2 கிலோவாட் போதும். செலவு ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். வீட்டு சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம் கிடைத்தாலும் மீதிக் காசு திரும்ப பதினைந்து வருடமாகும். அதற்குள், பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரே மாற்ற வேண்டி வரலாம். இவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன், வியாபாரம் போனாலும்.

ஏசி, மோட்டார் என்று 800 யூனிட் ஓடும் வீட்டுக் கதை வேறு. 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குள்ள சலுகை விலை போய்விடும். 600-க்கு மேல் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கும் அதிகம். பில் 4,700-ஐத் தாண்டும். 3 கிலோவாட் போட்டால் அது சில நூறு ரூபாயாக இறங்கும். இரண்டு லட்சத்தில் மானியம் 78,000 கழித்தால், ஐந்து வருடத்தில் முதல் வந்துவிடும். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் மாத உற்பத்தியைக் காட்டி வருடம் முழுக்கக் கணக்குப் போடுகிறவரை நம்பாதீர்கள்.

அடுத்தது நிழல். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் வடக்குச் சுவரை ஒட்டித் தென்னை நின்றது. "வெயில் தெக்கதானே சாரே, வடக்க நிக்குத தெங்கு என்ன செய்யும்?" என்றார் வீட்டுக்காரர். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். மே மாத நண்பகலில் மாடிக்கு அழைத்துப்போய், பேனல் வைக்க அவர் நினைத்த இடத்தில் ஓலை நிழல் ஆடுவதைக் காட்டினேன். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மூலையில் நிழல் கிடந்தாலும் மொத்த வரிசையும் தளரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று சாதாரண இரும்புத் தாங்கியைத் தின்றுவிடும். துத்தநாகம் பூசிய (கால்வனைஸ்) தாங்கியும் துருப்பிடிக்காத எஸ்எஸ் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். 2017-இல் ஒக்கி புயலைப் பார்த்த ஊர் இது. பிடிமானத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் செய்த சோலார் செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.